பனியில் இரும்பைத் தேடும்போது: சென்டினல்-1 ராடர் படத்தில் வரும் கோளாறுகள், அறிகுறிப்படி

அந்தாட்டிக்காவின் கடற்பனிப் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கிறது. கப்பலோ, பனிப்பாறையோ, வெறும் இரைச்சலோ, போய்ப் பார்த்துவிட்டு வர ஏலாது. கிழக்கிலங்கையில் நம் ஒலுவில் துறைமுகத்தின் கல் அலைதடுப்பைப் போய்ப் பார்க்கலாம். கல்லடிப் பாலத்தில் நடந்தே பார்க்கலாம். அதனால் கீழே வரும் எல்லாவற்றுக்கும் ஒரு பொது விதி: துருவப் படத்தில் கோளாறு கண்டால், அதே படிமுறையை முதலில் மட்டக்களப்பு–அம்பாறைக் கரையோரப் படம் ஒன்றில் ஓட்டுங்கள். இங்கேயும் அதே கோளாறு வந்தால் படிமுறையில் தவறு. இங்கே சரியாக வந்து அங்கே மட்டும் குழம்பினால், நம்மூர் அமைப்புகளை மாற்றாமல் பனிக்குக் கொண்டுபோனதுதான் பெரும்பாலும் காரணம்.

எடுத்துக்கொண்ட தரவு ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் சென்டினல்-1 ராடர் செய்மதியினது, ஜிஆர்டி வகை (தரைத் தூரத்துக்கு மாற்றிய, பிரகாசம் மட்டும் உள்ள படம்). அலைநீளம் ஏறத்தாழ 5.5 சென்ரிமீற்றர். மென்பொருள் அதே முகவரகத்தின் ஸ்னாப்; முடிவைப் பார்க்க கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள். மூன்றும் இலவசம் என்று சொல்லலாம், டேட்டா காசைத் தவிர: ஒரு படம் பல நூறு எம்பியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேல் வரும். செய்யும் ஒழுங்கு இது: ஓர்பிட் கோப்பு (செய்மதி போன பாதை), வெப்ப இரைச்சல் நீக்கம், சிக்மா நாட் அளவுதிருத்தம் (பிக்சலை ராடர் தெறிப்பின் அளவாக்குவது), தரை மறைப்பு, சீஃபார் தேடல் (சுற்றுப்புறத்தைவிடப் பிரகாசமான புள்ளியைப் பிடிப்பது), பொருள் பிரிப்பு, கடைசியில் தரைத்திருத்தம் (உயரத்துக்கு ஏற்ப வரைபடத்தில் பதிப்பது). இந்த ஒழுங்கை மாற்றினாலே பாதிக் கோளாறு வந்துவிடும்.

நம் கரைக்கும் துருவத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனதில் வையுங்கள். நமக்கு வருவது ஐடபிள்யூ முறை: 250 கிலோமீற்றர் அகலம், 10 மீற்றர் பிக்சல், முனைவாக்கம் (அனுப்பும் அலையும் வாங்கும் அலையும் அதிரும் திசை; வி நிலைக்குத்து, எச் கிடை) விவியும் விஎச்சும். துருவக் கடலுக்கு வருவது பெரும்பாலும் ஈடபிள்யூ முறை: 400 கிலோமீற்றர் அகலம், 40 மீற்றர் பிக்சல், முனைவாக்கம் எச்எச்சும் எச்வியும்.

தேடினால் படமே கிடைக்கவில்லை

தென்துருவப் புள்ளியிலுள்ள அமுண்ட்சன்–ஸ்கொட் நிலையத்தைத் தேடினால் சென்டினல்-1 படம் ஒன்றும் வராது. தேடலில் பிழை இல்லை. செய்மதி வலப்பக்கம் மட்டுமே பார்க்கிறது. அதன் பாதையின் சாய்வுக்கு வலப்பக்கம் என்பது வடதுருவத்துக்கு மிக அருகே வரை எட்டும். தென்துருவத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டத்தை விட்டுவிடும். இதே சிக்கலுக்காகத்தான் 1997இல் கனடாவின் ராடர்சாட்-1 செய்மதியையே திருப்பி, இடப்பக்கம் பார்க்கவைத்து அந்தாட்டிக்கா முழுவதையும் படமெடுத்தார்கள். 2025 ஜூலை 30இல் சிறீஹரிகோட்டாவிலிருந்து போன நைசார் செய்மதி இடப்பக்கம் பார்ப்பது. நடுக் கண்டத்துக்கு அதன் தரவைத் தேடுவதே புத்தி.

பழைய திகதிகளில் படம் ஐதாக இருந்தால் வேறு காரணம். சென்டினல்-1பி 2021 டிசம்பர் 23இல் மின்வழங்கல் கோளாறால் நின்றுபோனது. 1சி ஏவப்பட்டது 2024 டிசம்பர் 5இல். இடைப்பட்ட மூன்று ஆண்டும் ஒற்றைச் செய்மதியின் 12 நாள் சுற்றுத்தான்.

கிராப் ஓட மறுக்கிறது: விவி பாண்ட் இல்லை என்கிறது

வாழைச்சேனைப் படத்துக்குச் செய்து சேமித்த கிராப்பை, அதாவது படிமுறை வரிசையை, அப்படியே துருவப் படத்தில் ஓட்டியிருப்பீர்கள். அங்கே விவி கிடையாது. கோப்புப் பெயரின் நடுவே பாருங்கள்: 1எஸ்டிவி என்றால் விவி–விஎச், 1எஸ்டிஎச் என்றால் எச்எச்–எச்வி, 1எஸ்எஸ்எச் என்றால் எச்எச் மட்டும். அந்தாட்டிக்காவின் கண்டப்பனி மேல் எடுக்கும் ஐடபிள்யூ படங்களில் பல இந்த மூன்றாம் வகை. அவற்றில் எச்வி கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம். வேறு படம் தேடுங்கள்.

ஓர்பிட் கோப்பு கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது

துல்லிய ஓர்பிட் கோப்பு படம் எடுத்து ஏறத்தாழ மூன்று வாரம் கழித்தே வரும். புதிய படமாக இருந்தால் சீக்கிரம் வரும், துல்லியம் சற்றுக் குறைந்த ரெஸ்டிடியூட்டட் வகையைத் தெரிவு செய்யுங்கள். அதுவும் இல்லையென்றால் “டு நொட் ஃபெயில்” என்று தொடங்கும் பெட்டியில் சரி போட்டுவிட்டுத் தொடருங்கள். 40 மீற்றர் பிக்சலில் கப்பல் தேடுபவருக்கு இதனால் வரும் வேறுபாடு கண்ணில் படாது.

வெளியீடு முழுக்கக் கறுப்பு

நான்கு மணித்தியாலம் ஓடி, பிழைச்செய்தி ஒன்றும் இல்லாமல் முடிந்து, திறந்தால் கறுப்பு. தரைத்திருத்தத்தில் உயர மாதிரியாக எஸ்ஆர்டிஎம் தெரிவாகி இருக்கிறது. அந்தத் தரவு வடக்கு 60 பாகையிலிருந்து தெற்கு 56 பாகை வரைதான். மட்டக்களப்பு 7.7 பாகையில் இருப்பதால் இந்தக் குறை இங்கே ஒருநாளும் தெரியாது. துருவத்தில் உயரம் இல்லாத பிக்சல்களையெல்லாம் மென்பொருள் வெறுமையாக்கிவிடும். கொப்பர்நிக்கஸ் 30 மீற்றர் உலக மாதிரிக்கு மாற்றுங்கள். கடல் மட்டுமே உள்ள படமென்றால் “மாஸ்க் அவுட் ஏரியாஸ் விதவுட் எலிவேஷன்” பெட்டியின் சரியை எடுத்துவிட்டாலும் போதும்.

தரை மறைப்பும் அதே எஸ்ஆர்டிஎம்மை நம்புகிறது. ஆகவே துருவத்தில் அது தரையைக் கடலென்று எண்ணி, மலைமுகடுகளையெல்லாம் கப்பலாக எண்ணித் தரும். நீங்களே ஒரு பலகோணம் கொடுக்கவேண்டும். அந்தாட்டிக்காவுக்கு ஸ்கார் என்னும் அந்தாட்டிக்க ஆய்வு அமைப்பின் அந்தாட்டிக் டிஜிற்றல் டேட்டாபேஸ் கரைக்கோடு உதவும். ஆனால் அதைப் படத்தின் மேல் போட்டுப் பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். மிதக்கும் பனித்தட்டின் விளிம்பு நம் கரையைப்போல் நிலையானதல்ல: பிரண்ட் பனித்தட்டிலிருந்து 2023 ஜனவரியில் ஏ-81 உடைந்து போனபோது ஏறத்தாழ 1,550 சதுர கிலோமீற்றர் ஒரே தடவையில் வரைபடத்திலிருந்து விலகியது. பழைய கோட்டை வைத்தால் இப்போது கடலாக இருக்கும் இடத்தைத் தேடாமலே விட்டுவிடுவீர்கள்.

புள்ளி இருக்கிறது, இடம் பிசகி இருக்கிறது

இதற்குக் காரணம் நான்கு. ஒன்றை இன்னொன்றாக எண்ணித் திருத்தினால் பிழை இரட்டிப்பாகும்.

முதலாவது உயரம். இதை ஒலுவிலில் அழகாகப் பிடிக்கலாம். இலங்கையைச் சுற்றிய கடல்மட்டம், செய்மதிக் கணக்குக்கு வைத்திருக்கும் நீள்வட்டக் கோளத்துக்கு 100 மீற்றரை ஒட்டிக் கீழே கிடக்கிறது. உலகிலேயே ஆழமான ஜியோயிட் (புவியீர்ப்பு வகுக்கும் கடல்மட்டம்) பள்ளம் நமக்குத் தெற்கேதான். வெளியிலிருந்து உயரக் கோப்பு ஒன்றைக் கொடுத்து, புவியீர்ப்பு மாதிரிப் பெட்டியில் சரி போட மறந்தால், மென்பொருள் அலைதடுப்பை அதன் உண்மையான மட்டத்துக்கு 100 மீற்றர் மேலே இருப்பதாக எண்ணும். படுகோணம் (ராடர் அலை செங்குத்திலிருந்து சாய்ந்து விழும் கோணம்) 38 பாகை என்றால் 100ஐ அதன் டாஞ்சனால் பிரிக்க 128 மீற்றர் வரும்: 10 மீற்றர் பிக்சலில் பதின்மூன்று பிக்சல், ராடரை விட்டு விலகும் பக்கமாக. மாலைப் பாதையில் செய்மதி கிழக்கே பார்ப்பதால் அலைதடுப்பு கிழக்கே தள்ளும். காலைப் பாதையில் மேற்கே. இரண்டு பாதையின் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று போடுங்கள். எதிரெதிர்த் திசையில் விலகினால் உயரம் பிழை. இரண்டும் ஒரே திசையில் விலகினால் நீங்கள் ஒப்பிடும் வரைபடம் பிழை.

துருவத்தில் இதே பிழை பூதாகரமாகும். 2,000 மீற்றர் உயரமான கண்டப்பனியின் மேல் உள்ள பொருளை உயரம் பார்க்காமல் நீள்வட்டக் கோளத்தில் பதித்தால், 35 பாகைப் படுகோணத்தில் ஏறத்தாழ 2.9 கிலோமீற்றர் தள்ளி விழும். கடற்பனிக்கு இந்தக் கவலை குறைவு.

இரண்டாவது, ஓடும் கப்பல். ராடர், பொருள் நிற்கிறது என்று எண்ணித்தான் இடத்தைக் கணக்கிடுகிறது. 10 நொட் வேகத்தில் ராடரை நோக்கியோ விலகியோ நேராக ஓடும் கப்பல், செய்மதி போகும் திசையோடு ஏறத்தாழ 350 மீற்றர் இடம்மாறித் தெரியும். நோக்கி வந்தால் முன்னே, விலகிப் போனால் பின்னே. பனியில் இது ஒரு சான்றாகவும் உதவும். பனியை உடைத்துப் போன வாய்க்கால் ஓரிடத்தில் முடிய, பிரகாசப் புள்ளி அதற்குப் பக்கத்தில் விலகி நின்றால், அது ஓடிக்கொண்டிருக்கும் கப்பல். பனிப்பாறை அப்படி விலகாது. அதன் வேகம் போதாது.

மூன்றாவது, பனியே நகர்கிறது. ஜெர்மனியின் நொய்மாயர்-3 நிலையம் நிற்கும் எக்ஸ்ட்ரோம் பனித்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 150 மீற்றர் கடலை நோக்கிப் போகிறது. நிலையம் திறந்த 2009இன் ஆள்கூற்றை இன்றும் வைத்துக்கொண்டு “ராடர் பிழை” என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது, வரைபட எறியம். நம் பகுதிக்கு யூடிஎம் 44 வடக்கு, அதாவது இபிஎஸ்ஜி (எறியங்களின் குறியீட்டுப் பட்டியல்) 32644. அந்தாட்டிக்காவுக்கு 3031, ஆட்டிக்குக்கு 3413. அகலாங்கு–நெட்டாங்கிலேயே விட்டால் 70 பாகையில் கிழக்கு–மேற்கு மூன்று மடங்கு இழுபட்டு, பொருளின் நீள அகலம் பொய்யாகும்.

பட்டை பட்டையாக, ஆயிரக்கணக்கான புள்ளிகள்

ஈடபிள்யூ படம் ஐந்து கீற்றுகளை ஒட்டிச் செய்தது. எச்வி பாண்டில் அமைதியான கடலும் மழமழப்பான பனியும் தரும் சமிக்ஞை, கருவியின் சொந்த இரைச்சல் மட்டத்துக்கே கீழே போய்விடும். அந்த இரைச்சல் கீற்றுக்குக் கீற்று வேறுபடுவதால் தையல் தெரியும். முதற் கீற்று மிக மோசம். நம்மூர் விஎச் படத்திலும் இரைச்சல் உண்டு. அலையடிக்கும் கடல் அதை மூடிவிடுவதால் கவனிக்க மாட்டோம்.

வெப்ப இரைச்சல் நீக்கத்தை அளவுதிருத்தத்துக்கு முன் கட்டாயம் ஓட்டுங்கள். 2018 மார்ச்சுக்குப் பிந்திய படங்களில் இதற்கான தரவு மேம்பட்டிருக்கிறது. முடிந்தால் அவற்றையே எடுங்கள். நீக்கியபிறகு இன்னொரு கண்ணி: சில இடங்களில் மதிப்பு பூச்சியத்துக்கு வெட்டப்படும். சுற்றுப்புறம் முழுக்கப் பூச்சியமானால் அதன் விலகலும் பூச்சியம். அப்போது சின்னஞ்சிறு புள்ளியும் “பொருள்” ஆகிவிடும். ஆகவே சீஃபார் எல்லையோடு ஒரு தனி அடிமட்டமும் வையுங்கள். எச்வியில் −20 டிபிக்குக் (டெசிபெல், மடக்கை அளவு) கீழ்ப்பட்டதை எடுக்காதே என்று தொடங்கி, தெரிந்த கப்பல் ஒன்று தப்பாத அளவுக்கு இறக்கலாம்.

பனி முழுக்கக் கப்பல்

சீஃபார் செய்வது எளிய வேலை: நடுவில் ஒரு சிறு சாளரம், அதைச் சுற்றி ஒரு காவல் வளையம், அதற்கு வெளியே பின்னணி வளையம். நடு, பின்னணியின் சராசரியைவிட எத்தனை விலகல் மடங்கு பிரகாசமோ அதைப் பார்க்கும். ஸ்னாப்பில் இயல்பாக இருக்கும் மதிப்புகள் 50, 500, 800 மீற்றர்; பொய் எச்சரிக்கை அடுக்கு 6.5. அதன் பொருள் ஏறத்தாழ 32 இலட்சம் பிக்சலுக்கு ஒரு பொய். 400 கிலோமீற்றர் சதுர ஈடபிள்யூ படத்தில் பத்துக் கோடி பிக்சல். கணக்குப்படி முப்பத்திரண்டு பொய்ப் புள்ளி. வருவதோ ஆயிரக்கணக்கில். ஏனென்றால் கணக்கு, பின்னணி ஒரே சீராக இருக்கும் என்று எண்ணுகிறது. கச்சான் காற்று வீசும் நாளின் மட்டக்களப்புக் கடலுக்குக்கூட அது ஓரளவு பொருந்தும். கடற்பனிக்குப் பொருந்தாது: தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கி மேலெழுந்த பனி வரப்புகள், நம் வயல் வரப்பைப்போல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஒவ்வொரு வரப்பும் ஒரு பிரகாசக் கோடு.

அடுக்கை 9க்கு ஏற்றினால் பொய் குறையும். சிறிய கப்பலும் போய்விடும். அதற்கு முன் இந்த மூன்றையும் பாருங்கள். ஒன்று, தேடலை டிபி படத்தில் ஓட்டவில்லையே? சீஃபாருக்கு நேர்கோட்டு மதிப்பு வேண்டும். கூகிள் ஏர்த் எஞ்சினின் வழக்கமான சென்டினல்-1 தொகுப்பு டிபியில் வருவது. ஃபுளோட் என்று முடியும் தொகுப்பை எடுங்கள். இரண்டு, எச்எச்சை விட்டு எச்வியில் தேடுங்கள். வரப்பின் பிரகாசம் அங்கே பெருமளவு இறங்கும், இரும்பின் மூலைமுடுக்குகளில் பலதடவை தெறித்து வருவது அவ்வளவாக இறங்காது. மூன்று, ஸ்பெக்கிள் (ராடர் படத்தின் மணல்போன்ற இரைச்சல்) வடிகட்டியைத் தேடலுக்கு முன் போடாதீர்கள். படம் கண்ணுக்கு அழகாகும், இரண்டு பிக்சல் கப்பல் கரைந்துபோகும்.

பெரிய பனிப்பாறை ஒன்றின் ஓரம் முழுக்க மாலைபோல் புள்ளிகள் வந்தால், பாறை காவல் வளையத்தைவிடப் பெரிது. அதன் உடலே பின்னணிக்குள் புகுந்து நடுவை மறைக்கிறது. காவல், பின்னணி இரண்டையும் சேர்த்துப் பெருக்குங்கள்.

மிஞ்சும் கேள்வி கப்பலா பனிப்பாறையா என்பது. மூன்று நான்கு பிக்சலுக்குள் அடங்கும் பொருளில் வடிவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லவேண்டாம், அது ஜோசியம். உலர்ந்த பனிப்பாறையும் எச்வியில் நன்றாகவே ஒளிரும். அடுத்த பாதையின் படத்தில் அதே இடத்தில் நிற்கிறதா, பின்னால் வாய்க்கால் இருக்கிறதா என்று பாருங்கள். துருவத்தில் பாதைகள் நெருங்கி வருவதால் அடுத்த படத்துக்கு 12 நாள் காத்திருக்கத் தேவையில்லை. அந்த வசதி நமக்கில்லை.

இருக்கவேண்டியது தெரியவில்லை

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தின் ஐடபிள்யூ படத்தைத் திறந்து, கரையில் இழுத்துவிட்ட பைபர் வள்ளங்களைத் தேடுங்கள். தெரியாது. ஆறேழு மீற்றர் நீளம், பைபர் உடல், உலோகமென்று இருப்பது எஞ்சின் மட்டும். நெருக்கமாகக் கட்டிய பலநாட்படகுகள் கூட்டாக ஒரு பிரகாசத் திட்டாகத் தெரியலாம். தனியாக ஒன்று கடலில் நின்றால் சந்தேகந்தான். இதை ஒருமுறை பார்த்தவர் துருவத்தில் கூடாரத்தையும் பனிச்சறுக்கு வண்டியையும் தேடமாட்டார். நொய்மாயர்-3இன் மேடை 68க்கு 24 மீற்றர்: ஐடபிள்யூவில் ஏழுக்கு இரண்டு பிக்சல், ஈடபிள்யூவில் இரண்டு பிக்சல்கூட நிறையாது.

அளவு போதுமாக இருந்தும் தெரியாவிட்டால் திசையைப் பாருங்கள். சுவர் செய்மதிப் பாதைக்கு இணையாக இருந்தால், பனித்தரையும் சுவரும் சேர்ந்து அலையை வந்த வழியே அனுப்பும். சற்றுத் திரும்பியிருந்தால் அலை வேறெங்கோ போய்விடும். வேறு பாதைப் படம் ஒன்றை எடுத்தாலே தீரும்.

கோடை உருகலும் காரணமாகும். உலர்ந்த பனிக்குள் இந்த அலை பல மீற்றர் இறங்கும்; ஈரமானால் சில சென்ரிமீற்றரோடு நின்றுவிடும். நீர் கட்டிய அம்பாறை வயலும் கறுப்பு, ஈரப்பனியும் கறுப்பு என்று இரண்டையும் ஒன்றாக எண்ணவேண்டாம். வயல்நீர் அலையை மறுபக்கம் எறிகிறது, ஈரப்பனி விழுங்குகிறது. பனியில் புதைந்த எண்ணெய்ப் பீப்பாய், கொள்கலன் போன்றவற்றைத் தேடுவதென்றால் குளிர்காலப் படமே எடுங்கள். ஆழத்துக்கு நீண்ட அலை நல்லது. கிறீன்லாந்தில் 1959இல் கட்டி 1967இல் கைவிட்ட கேம்ப் செஞ்சரி, 2024 ஏப்ரலில் நாசா விமானமொன்றின் எல்-பாண்ட் (நீண்ட அலை) ராடரில் தெரிந்தது. அது விமானம், சென்டினலிடம் அதை எதிர்பார்க்கவேண்டாம்.

பின்னணி பாறையாக இருந்தால் வேறு சங்கடம். 134 கப்பல் கொள்கலன்களை வைத்துக் கட்டிய இந்தியாவின் பாரதி நிலையம் தெற்கு 69° 24′, கிழக்கு 76° 11′இல், லார்ஸ்மான் குன்றுகளின் வெறும் பாறைமேல் நிற்கிறது. கரடுமுரடான பாறையே பிரகாசம். நிலையம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். பழகுவதற்குப் பனித்தட்டின்மேல் நிற்கும் நிலையமே நல்லது.

ஒரே பொருள் இரண்டு மூன்றாகத் தெரிகிறது

சிலுவை வடிவில் நாலு பக்கமும் ஒளி நீண்டால் அது மிகப் பிரகாசமான பொருளின் பக்கக்கதிர். பொருள் நடுவில் ஒன்றுதான். செய்மதி போகும் திசையோடு ஐந்து கிலோமீற்றர் அளவுக்கு முன்னும் பின்னும் மங்கலான நகல் தெரிந்தால் அது ஆவி உரு. அமைதியான வாவியிலும் தட்டைப் பனியிலும்தான் ஆவி கண்ணில் படும், பின்னணி கறுப்பாக இருப்பதால். சந்தேகப் புள்ளியிலிருந்து பாதைத் திசையில் கோடு இழுத்து, அந்தத் தூரத்தில் நகரமோ நிலையமோ பெரிய கப்பலோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்லடியில் 1924இன் இரும்புப் பாலமும் 2013இன் புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 10 மீற்றர் பிக்சலில் பிரிக்க முடியாமல் ஒரே தடித்த கோடாகக் கலக்கும். அருகருகே கட்டிய இரு கப்பல்களுக்கும் அதே கதி, எண்ணிக்கையில் ஒன்று குறையும்.

நினைவகம் போதவில்லை என்று மூடுகிறது

8 ஜிபி மடிக்கணினியில் ஸ்னாப்புக்கு 5 அல்லது 6 ஜிபி ஒதுக்குங்கள். ஸ்னாப்பைக் கட்டளைவரியில் ஓட்டும் ஜிபிடியின் விஎம்ஓப்ஷன்ஸ் கோப்பிலுள்ள எக்ஸ்எம்எக்ஸ் வரியில் அதை எழுதுங்கள். படத்தை வெட்டியும் சிறிதாக்கலாம், ஆனால் இரைச்சல் நீக்கம் முடிந்தபிறகு.

ஏஐஎஸ்ஸோடு பொருந்தவில்லை

கோப்புப் பெயரிலுள்ள நேரம் உலகப் பொதுநேரம். நம் மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ஏஐஎஸ் (கப்பல் தானே ஒலிபரப்பும் அடையாளமும் இடமும்) அட்டவணை எந்த நேரத்தில் இருக்கிறதென்று முதலில் பாருங்கள். பிறகு, படம் எடுத்த நொடிக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு ஏஐஎஸ் இடங்களை எடுத்து நடுவே கணக்கிடுங்கள். அதன்மேல் ஓடும் கப்பலுக்கான அந்த 350 மீற்றர்க் கணக்கையும் அதன் வேகம், திசைக்கு ஏற்பக் கூட்டுங்கள். இவ்வளவும் செய்து ஈடபிள்யூவில் ஐந்தாறு பிக்சலுக்குள் வந்தால் பொருந்தியதாகக் கொள்ளலாம். ஏஐஎஸ் இல்லாத புள்ளியைக் கப்பல் பட்டியலிலும் சேர்க்காமல், பனிப்பாறைப் பட்டியலிலும் சேர்க்காமல், “தெரியாதது” என்று தனி நிரலில் திகதியோடும் பாதை இலக்கத்தோடும் எழுதி வையுங்கள். அடுத்த படம் வந்ததும் முதலில் திறக்கவேண்டியது அந்த நிரலை.